விசிட்டிங் காட்டில் நிறம்: அழகுக்கா, வியாபாரத்துக்கா?



இன்று யாழ்ப்பாணத்தில் சின்னக் கடை வைத்திருப்பவரிடம்கூட விசிட்டிங் காட் இருக்கிறது. கஸ்தூரியார் வீதியில் ஒரு முறை நடந்து கடைக்கு ஒன்றாக வாங்கினால் சேட் பொக்கட் நிறைந்துவிடும். சிவப்பு, நீலம், பச்சை, ஊதா என்று எல்லா நிறமும் இருக்கும். ஆனால் அவற்றில் எத்தனை காட்டில் தொலைபேசி இலக்கத்தைச் சிரமமில்லாமல் வாசிக்கலாம்? எத்தனை காட் மறுநாளும் நினைவில் நிற்கும்? இந்த இரண்டு கேள்விகளையும் வைத்துக்கொண்டுதான் இவ்வாரம் நிறத்தைப் பற்றிப் பேசப்போகிறோம்.

நான் டிசைன் படித்தவன் அல்ல. பள்ளிக்கூடப் படிப்போடு வியாபாரத்துக்கு வந்தவன். காட் கொடுத்தும் வாங்கியும், அச்சகத்தில் காத்திருந்தும், கொஞ்சம் வாசித்தும் அறிந்துகொண்டதையே இங்கு எழுதுகிறேன்.

நமக்கு ஏன் இது முக்கியம்?

ஒரு காலத்தில் நம்மவர்களுக்குக் காட் தேவைப்படவில்லை. சோனகத் தெரு, ஐந்துசந்தி என்றால் எந்த ஹாட்வெயார் யாருடையது, எந்தத் தையற்கடை யாருடையது என்று ஊருக்கே தெரியும். தந்தைக்குப் பின் மகன் அதே கடைக்கு வருவான். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதோடு அந்தத் தொடர்பு அறுந்தது. 2002க்குப் பின்பும் 2009க்குப் பின்பும் திரும்பி வந்து கடை திறந்தவர்களில் பலருக்குப் பழைய இடம் கிடைக்கவில்லை. பழைய வாடிக்கையாளரும் எல்லோரும் இல்லை. அவர்களின் பிள்ளைகளுக்கு நம்மைத் தெரியாது. சிலர் இலண்டனிலும் டொரோண்டோவிலும் இருந்துகொண்டு, நல்லூர்த் திருவிழாக் காலத்தில் மட்டும் வந்து போகிறார்கள்.

இப்படிப்பட்டவரின் கையில் நாம் விட்டுச் செல்வது மூன்றரை அங்குல நீளமும் இரண்டு அங்குல அகலமும் உள்ள ஒரு மட்டைத் துண்டு. வீடு கட்ட நினைக்கும்போது அவர் அதை எடுத்துப் பார்த்து, இலக்கத்தை வாசித்து, அழைக்க வேண்டும். வாசிக்க முடியாவிட்டால் அடுத்த காட்டை எடுப்பார். அறுந்த தொடர்பை மறுபடி கட்ட முயலும் நமக்கு அந்த ஓர் அழைப்பு பெரிய விடயம்.

நிறத்தின் முதல் வேலை வாசிக்க வைப்பது

காட்டுக்கு நிறம் தெரிவு செய்யும்போது "எது வடிவாக இருக்கும்?" என்றுதான் பெரும்பாலும் கேட்கிறோம். "எது தெளிவாகத் தெரியும்?" என்று முதலில் கேட்க வேண்டும்.

இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைல்ஸ் டிங்கர், டொனல்ட் பேற்றர்சன் என்ற இருவர் 1931ஆம் ஆண்டு வெவ்வேறு நிறத் தாள்களில் வெவ்வேறு நிற எழுத்துக்களை அச்சிட்டு, மாணவர்கள் எவ்வளவு வேகமாக வாசிக்கிறார்கள் என்று அளந்தார்கள். வெள்ளையில் கறுப்பு முதலிடம் பெற்றது. வெள்ளையில் பச்சை, வெள்ளையில் நீலம், மஞ்சளில் கறுப்பு ஆகியவையும் நன்றாகவே இருந்தன. பச்சைத் தாளில் சிவப்பு எழுத்தும், ஊதாத் தாளில் கறுப்பு எழுத்தும் கடைசி வரிசையில் நின்றன.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளியது. முக்கியமானது எந்த நிறம் என்பதைவிட, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வெளிச்ச வித்தியாசம். ஒன்று நல்ல இருளாகவும் மற்றது நல்ல வெளிச்சமாகவும் இருந்தால் வாசிக்கலாம். இரண்டும் ஒரே அளவு இருளாக இருந்தால், நிறம் வேறாக இருந்தாலும் கண் தடுமாறும். சிவப்பும் பச்சையும் வேறு வேறு நிறங்கள்தான். ஆனால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு இருள். அதனால்தான் ஒன்றின் மேல் மற்றது துடிப்பதுபோலத் தெரிகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பார்வைக் குறை ஆண்களிடையே பிறப்பிலேயே உண்டு. ஐரோப்பிய வம்சத்து ஆண்களில் சுமார் 12 பேரில் ஒருவருக்கு அது இருக்கிறது. ஆசிய மக்களிடையே அதைவிடக் குறைவு. ஆனாலும் கடைக்கு வரும் ஆண்களில் சிலருக்காவது அது இருக்கும். அவர்கள் அதைச் சொல்லமாட்டார்கள். பலருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது.

வயதானவர்களையும் நினைக்க வேண்டும். வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சளடிக்கிறது. வெள்ளைத் தாளில் வெளிர்நீல எழுத்து, சாம்பல் நிற எழுத்து எல்லாம் அவர்களுக்கு மங்கிப் போகும். வீடு கட்டுபவரும், மகளுக்கு நகை எடுப்பவரும் பெரும்பாலும் இந்த வயதினர்தான். பணம் கொடுப்பவருக்குத் தெரியாத எழுத்தை அச்சிட்டு என்ன பயன்?

தமிழ் எழுத்துக்கு ஒரு தனிக் கவனம்

கறுப்பு அல்லது கடும் நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்து வருவது இப்போது நாகரிகமாக இருக்கிறது. ஆங்கில எழுத்துக்கு அது ஓரளவு தாங்கும். தமிழ் எழுத்துக்குத் தாங்காது.

காரணம் அச்சு மையின் குணம். மை தாளில் சற்றே பரவும். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தை அடித்தால் எழுத்து கொஞ்சம் தடிக்கும், அவ்வளவுதான். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தை விட்டால், சுற்றியுள்ள மை உள்ளே பரவி எழுத்தை மெலியச் செய்யும். நமது எழுத்தில் ண, ஞ, ழ, ளூ என்று சுழிகளும் வளைவுகளும் அதிகம். எல்லாவற்றிலும் மோசம், புள்ளி காணாமல் போவது. "க்" என்பது "க" ஆகிவிடும். கடையின் பெயரே மாறிவிடும்.

கடும் நிறப் பின்னணி வேண்டுமென்றால் கடைப் பெயரை மட்டும் பெரிய, தடித்த எழுத்தில் வெள்ளையாக விடுங்கள். முகவரியும் தொலைபேசி இலக்கமும் வெள்ளைப் பகுதியில் கறுப்பில் வரட்டும்.

மும்மொழியில் காட் அடிப்பவர்கள் தமிழுக்கு ஒரு நிறம், சிங்களத்துக்கு ஒரு நிறம், ஆங்கிலத்துக்கு ஒரு நிறம் என்று போடுவதைக் கண்டிருக்கிறேன். இது தேவையற்றது. மொழிகளை எழுத்தின் அளவாலும் இடைவெளியாலும் பிரிக்கலாம். அல்லது ஒரு பக்கம் தமிழ், மறு பக்கம் மற்ற இரு மொழிகள் என்று வைக்கலாம்.

இரண்டாவது வேலை நினைவில் நிற்பது

வாசிக்க வைப்பதற்குக் கறுப்பும் வெள்ளையும் போதும் என்றால் நிறம் எதற்கு என்று கேட்பீர்கள். நினைவில் நிற்பதற்குத்தான்.

தமிழ்நாட்டின் சிவகாசியைப் பாருங்கள். 1922ஆம் ஆண்டு ஐயநாடார், சண்முகநாடார் என்ற இரு உறவினர்கள் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டித் தொழில் வளர்ந்தது, பிறகு பட்டாசும் வந்தது. இவற்றுக்கு லேபிள் வேண்டும் என்பதற்காக அச்சுத் தொழில் அங்கு வேரூன்றியது. இன்று கலண்டரும் டயறியும் அச்சிட்டு எங்கும் அனுப்பும் ஊராக அது இருக்கிறது. இதன் ஆரம்பம் விசிட்டிங் காட்டைவிடச் சிறிய ஒரு கடதாசித் துண்டு.

அந்த லேபிள்களில் நமக்குப் பாடம் உண்டு. எழுத வாசிக்கத் தெரியாதவரும் கடைக்கு வந்து "அந்தப் படம் போட்ட பெட்டி தாருங்கள்" என்று கேட்டு வாங்க வேண்டும். ஆகவே ஒரு படம், ஓரிரண்டு அழுத்தமான நிறங்கள் என்று நிறுத்திக்கொண்டார்கள். ஒரு முறை மக்கள் மனதில் பதிந்த லேபிளை இலேசில் மாற்றவும் மாட்டார்கள்.

நமது நாட்டு வங்கிகளும் அப்படித்தான். மஞ்சள் பலகையைத் தூரத்தில் கண்டால் இலங்கை வங்கி என்று எழுத்தை வாசிக்காமலே சொல்லிவிடுவோம். செம்மஞ்சள் என்றால் சம்பத் வங்கி. பலகையில் உள்ள நிறமே காட்டிலும், புத்தகத்திலும், விளம்பரத்திலும் வருகிறது.

நிறத்தின் பெறுமதியை அறிய இன்னொரு செய்தி. கட்பரி சொக்லட் நிறுவனம் தனது ஊதா நிறத்தைத் தனக்கே உரிய வர்த்தகக் குறியாகப் பதிவு செய்ய விரும்பியது. நெஸ்லே நிறுவனம் எதிர்த்தது. பல வருடங்கள் வழக்கு நடந்து, 2013ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் கட்பரிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வழக்கில் யார் வென்றார் என்பது நமக்கு முக்கியமில்லை. ஒரு நிறத்துக்காக இவ்வளவு பெரிய நிறுவனங்கள் நீதிமன்றம் போகின்றன என்பதுதான் கவனிக்க வேண்டியது.

நம்மிடம் அவ்வளவு பணம் இல்லை. ஆனால் நம்மாலும் ஒன்று செய்ய முடியும். ஒரு நிறத்தைத் தெரிவு செய்து, அதைக் காட், பெயர்ப்பலகை, பில் புத்தகம், பொலித்தீன் பை, டெலிவரி வாகனம் எல்லாவற்றிலும் பல வருடங்களுக்கு மாற்றாமல் வைத்திருக்கலாம். காட் நீலம், பலகை சிவப்பு, பில் பச்சை என்று இருந்தால் எதுவுமே மனதில் நிற்காது.

எந்த நிறம்?

இந்தக் கேள்விக்கு "சிவப்பு என்றால் ஆர்வம், நீலம் என்றால் நம்பிக்கை" என்று ஒரு பட்டியல் கொடுப்பது வழக்கம். அதை நம்பிக் காட் அடிக்காதீர்கள். நிறத்தின் அர்த்தம் ஊருக்கு ஊர் மாறும். நமது ஊரில் யார் வாங்குகிறார்கள், அவர்கள் அந்த நிறத்தை எங்கே கண்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதே சரியான வழி.

முதலில் பச்சை. நம்மவர்களில் பலர் யோசிக்காமலே பச்சையைத் தெரிவு செய்கிறார்கள். கேட்டால் "நம்மட நிறம்தானே" என்பார்கள். தேசியக் கொடியிலும் நம்மைக் குறிப்பது பச்சைப் பட்டிதான். செம்மஞ்சள் பட்டி தமிழரைக் குறிக்கிறது. ஆனால் யாழ்ப்பாணத்தில் ஹாட்வெயாரிலும், புடவையிலும், நகையிலும் நம்மிடம் வாங்குவோரில் பெரும்பாலானோர் இந்துக்களும் கிறிஸ்தவர்களும்தான். பச்சைப் பின்னணி, பிறை நட்சத்திரம் என்று காட்டை நிரப்பினால், "இது அவர்களுக்கான கடை போலும்" என்று ஒருவர் நினைக்க இடம் கொடுக்கிறோம்.

இதைத் தவறாக விளங்கிக்கொள்ள வேண்டாம். நாம் யார் என்பதை மறைக்க வேண்டிய தேவை எதுவுமில்லை. அது நமது பெயரிலேயே இருக்கிறது. பெயர் சொன்னதை நிறமும் இன்னொரு முறை சொல்ல வேண்டுமா என்பதே கேள்வி. கடையில் என்ன சாமான் இருக்கிறது என்பதைச் சொல்லும் வேலையை நிறத்துக்குக் கொடுக்கலாம். ஹலால் உணவகத்துக்கும் இறைச்சிக் கடைக்கும் பச்சை பொருத்தம். அதைத் தேடி வருபவருக்கு அந்த நிறம் உதவுகிறது. மரக்கறி, விதை, உரம் விற்பவருக்கும் பச்சை பொருந்தும். சீமெந்து, கம்பி விற்பவருக்கு அதனால் என்ன வேலை?

அடுத்தது கறுப்பு. எழுத்துக்குக் கறுப்பைப்போல் நல்ல நிறம் இல்லை. ஆனால் கறுப்புக் கரை கட்டிய வெள்ளைக் காட்டைப் பார்த்தால் யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது மதிலில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலிப் பிரசுரம்தான். கல்யாணப் புடவையும் நகையும் விற்பவர் முழுக் கறுப்புக் காட்டைத் தவிர்ப்பது நல்லது. இந்து வாடிக்கையாளர்கள் மங்கல காரியத்துக்குக் கறுப்பை விரும்புவதில்லை. குங்குமச் சிவப்பு, அரக்கு, மஞ்சள் ஆகியவை அவர்களுக்குக் கல்யாண வீட்டை நினைவூட்டும். நம்மவர்களுக்கும் இவை பிடிக்காத நிறங்கள் அல்ல.

கட்சி நிறம் என்றும் சிலர் பயப்படுவார்கள். பச்சை ஐக்கிய தேசியக் கட்சி, நீலம் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி, சிவப்பு ஜே.வி.பி. என்று பார்த்தால் மிஞ்சுவதற்கு நிறமே இருக்காது. அந்தப் பயம் வேண்டாம். கடைப் பெயரோடும் சாமான் படத்தோடும் சேர்ந்து வரும் நிறத்தை யாரும் கட்சிக் கொடியாக நினைக்கமாட்டார்கள். தேர்தல் காலத்தில் புதுக் காட் அடிப்பதை மட்டும் தள்ளிப்போடலாம்.

பார்மசி, கிளினிக் நடத்தும் சகோதரர்களுக்கு ஒரு முக்கிய விடயம். வெள்ளையில் செஞ்சிலுவையும், வெள்ளையில் செம்பிறையும் 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகளால் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். இலங்கையிலும் இதற்கு 2006ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் உண்டு. போர்க்களத்தில் வைத்தியரையும் அம்புலன்ஸையும் காப்பாற்றும் சின்னம் அது. வியாபாரக் காட்டில் போடக்கூடாது. "பிறைதானே" என்று நினைத்துச் சிவப்பில் போட்டுவிடாதீர்கள்.

அச்சகத்தில் கவனிக்க வேண்டியவை

கொம்பியூட்டர் திரையில் காணும் நிறம் அப்படியே காட்டில் வராது. திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளால் நிறம் காட்டுகிறது. அச்சு சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளால் நிறம் செய்கிறது. திரையில் மின்னும் நீலம் அச்சில் ஊதாவாகலாம். பளீரென்ற பச்சை மங்கலாம். ஆகவே திரையைப் பார்த்துச் சம்மதம் சொல்லாமல், அடிக்கப்போகும் அதே மட்டையில் ஒரு மாதிரி கேளுங்கள்.

சிறிய எழுத்தைப் பல மைகளின் கலவையில் அடிக்கக் கூடாது. மைகள் நூலளவு விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் நிழல் விழும். தொலைபேசி இலக்கத்தில் 3 எது, 8 எது என்று தெரியாமல் போகும். இலக்கம் தனிக் கறுப்பில் வரட்டும்.

நகைக்கடைக்காரர் விரும்பும் தங்க நிறம் இந்த நான்கு மைகளாலும் வராது. கலந்து அடித்தால் மங்கிய மஞ்சள்தான் கிடைக்கும். உண்மையான மினுக்கம் வேண்டுமானால் உலோக மை அல்லது சூடேற்றி ஒட்டும் தங்கத் தகடு வேண்டும். அதற்குச் செலவு கூட. கடைப் பெயருக்கு மட்டும் போட்டால் கட்டுப்படியாகும்.

ஒப்செட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பிளேட் வேண்டும். ஆகவே கறுப்பும் இன்னொரு நிறமும் என்று இரு கலரில் நிறுத்தினால், தொகையாக அடிக்கும்போது செலவு குறையும். டிஜிட்டலில் பிளேட் இல்லை. நூறு காட் மட்டும் அடித்துப் பார்க்க அது வசதி. ஆனால் டிஜிட்டலில் அடித்த நிறமும் ஒப்செட்டில் அடித்த நிறமும் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நல்ல மாதிரிக் காட் ஒன்றைப் பத்திரமாக வைத்து, அடுத்த முறை அதைக் காட்டி அடிப்பியுங்கள்.

லெமினேட் செய்வதிலும் யோசனை வேண்டும். மினுக்கமான லெமினேட் நிறத்தைத் தூக்கிக் காட்டும், ஆனால் வெளிச்சத்தில் கண் கூசும். மினுக்கமற்றது நிறத்தைச் சற்று அடக்கும். எதைச் செய்தாலும் பின்பக்கத்தை அப்படியே விடுங்கள். விலையும் அளவும் பேனையால் எழுதிக் கொடுக்க நமக்கு இடம் வேண்டும்.

நமது ஊர் வெயிலையும் மறக்கக் கூடாது. ஓட்டோவின் கண்ணாடியிலும் கடை அலுமாரியிலும் செருகி வைத்த காட்டில் முதலில் வெளிறுவது பெரும்பாலும் மஞ்சளும் மெஜந்தாவும்தான். பழைய போஸ்டர்கள் எல்லாம் நீலம் பாய்ந்து நிற்பது இதனால்தான். சிவப்பில் அடித்த தொலைபேசி இலக்கம் சில மாதத்தில் மறைந்துபோகலாம். கறுப்பு நிற்கும்.

பணம் கொடுக்குமுன் நான்கு சோதனைகள்

ஒன்று: மாதிரிக் காட்டைக் கறுப்பு வெள்ளையில் போட்டோ கொப்பி எடுங்கள். அதில் எல்லா எழுத்தும் தெரிந்தால் வெளிச்ச வித்தியாசம் போதுமானது.

இரண்டு: மஃரிபுக்குப் பின் கடையின் சாதாரண வெளிச்சத்தில், அறுபது வயது தாண்டிய ஒருவரிடம் கொடுத்து இலக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

மூன்று: கைத்தொலைபேசியில் படம் எடுத்து வட்ஸ்அப்பில் ஒருவருக்கு அனுப்புங்கள். இன்று காட் கைமாறுவதைவிடப் படம் மாறுவதே அதிகம். கியூஆர் குறி போட்டிருந்தால் அதையும் ஸ்கேன் செய்து பாருங்கள். அது வெள்ளையில் கறுப்பாக இருக்க வேண்டும். வெளிர் நிறத்தில் அடித்தால் சில தொலைபேசிகள் வாசிக்காது.

நான்கு: காட்டைப் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே கடையுடையவை என்று புதியவர் ஒருவர் சொல்வாரா?

இந்த நான்கிலும் தேறிய காட்டுக்குப் பெரிய டிசைனர் தேவையில்லை. எழுத்துக்குக் கறுப்பு, கடைக்கென்று ஒரு நிறம், மீதி வெள்ளை. அந்த வெள்ளை இடத்தை வீண் என்று நினைத்துப் பூவும் கோடும் போட்டு நிரப்பாதீர்கள். மற்ற இரண்டும் தெளிவாகத் தெரிவது அதனால்தான்.

புதுக் காட் அடிக்க இருக்கும் சகோதரர்கள், பழையது முடியும்வரை காத்திருந்தாலும் பரவாயில்லை, நிறத்தை இன்றே முடிவு செய்து எழுதி வையுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் அதே நிறத்தைப் பெயர்ப்பலகைக்குக் கொண்டுபோவது எப்படி என்று பார்ப்போம்.